கயிறு இழுக்கும் நேரம்

ஒன்பதரைக்கு நெல் வாய் திறக்கவில்லை.
பத்துக்கும் இல்லை.
பாரூர் ஏரிப் பக்கமிருந்து வந்த மேகம்
வெயிலின் மேல் உட்கார்ந்துவிட்டது.
கயிற்றின் ஒரு நுனி என்னிடம்,
மறு நுனி நாகவேணியிடம்.
நடுவே எட்டு வரிசை பெண், இரண்டு வரிசை ஆண்,
மறுபடி எட்டு, மறுபடி இரண்டு.

பெண் என்பது வாய்வழக்கம்.
ஏட்டில் அதன் பெயர் ஆண்மலடு.
அதன் பூவிலும் மகரந்தப் பை உண்டு,
வெளுத்து, சூம்பி,
உள்ளே ஒன்றுமில்லாமல்.
நடவன்று இதை விளக்கினேன்.
"ஆண்மலடா? அப்படி ஒரு சொல் இருக்குதா?"
வரப்பிலிருந்த பதினோரு பேரும் சிரித்தார்கள்.
நாகவேணி சிரிக்கவில்லை.
இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.
ஊத்தங்கரையில் ஏழு வருடம் வாழ்ந்து
ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பியவள்.

இந்தப் போகம் ஆண் முந்தப் பார்த்தது.
தண்டைக் கீறி லென்ஸில் கதிர்க்கருவைப் பார்த்தபோதே தெரிந்தது
நான்கு நாள் வித்தியாசம்.
நான்கு நாள் போதும், வயல் முழுக்கப் பதராக.
ஆணின் காலடியில் யூரியா வைத்துத் தாமதித்தோம்.
பெண்ணுக்கு டிஏபி தெளித்து அவசரப்படுத்தினோம்.
தண்ணீரை வடித்தோம், கட்டினோம், வடித்தோம்.
எந்தக் கல்யாணத் தரகரும்
இரண்டு வீட்டுக்கும் இத்தனை பொய் சொன்னதில்லை.
பக்கத்து வயல் மாதேஷிடம் போய்
இருபத்தைந்து நாள் தள்ளி நடு என்று கெஞ்சினேன்,
அவன் நெல்லின் தூள் இங்கே வரக் கூடாது என்று.
"காத்துக்குமா வேலி போடுவீங்க?" என்றான்.
தள்ளித்தான் நட்டான்.

பத்து நாற்பதுக்கு வெயில் இறங்கியது.
முதலில் ஒரு கதிரின் உச்சியில் உமி பிரிந்தது,
பிறகு எங்கே பார்த்தாலும்.
"இழு."
கண்ணாடி இலைகளை முன்பே சீவியிருந்ததால்
கயிறு தடையில்லாமல் போனது.
ஆண் கதிர்கள் குனிந்தன, நிமிர்ந்தன.
மஞ்சள்கூட இல்லை, ஒரு மங்கல்,
காய்ந்த சுண்ணாம்புச் சுவரைத் தட்டினால் எழுமே, அது.
ஐந்து நிமிடம்தான் அதற்கு ஆயுசு.
அரை மணிக்கு ஒரு தடவை, மொத்தம் நான்கு தடவை.

போன வருடத்துக் கலப்பில்
ஏக்கருக்கு முப்பத்தெட்டு மூட்டை.
மேலதிகாரி தோளில் தட்டினார்.
வெள்ளை வயிறு கொஞ்சம்தான், முறிவும் குறைவு,
காரக் கரைசலில் போட்ட ஆறு அரிசியும்
இருபத்து மூன்று மணி நேரத்தில்
ஓரங்களில் பஞ்சு போல விரிந்திருந்தன.
ஆய்வகத்தில் சுடச் சுட ருசி பார்த்தோம், நன்றாக இருந்தது.
களையெடுக்கும் நரசம்மாவிடம் இரண்டு கிலோ கொடுத்தேன்.
மூன்றாம் நாள் சொன்னாள்:
"காலைல பூ. ஒரு மணிக்குத் தூக்குச்சட்டியைத் திறந்தா
கூழாங்கல்லு. நீங்க யாரும்
ஒரு மணிக்குத் திங்கறதில்லையா?"

அதை அப்படியே அறிக்கையில் எழுதினேன்.
கூழாங்கல்லை அடித்துவிட்டு எண் கேட்டார்கள்.
ஐந்துக்கு இரண்டு என்று போட்டேன்.
அவள் சொன்னது அது இல்லை.
ஆனாலும் அந்த எண்ணை வைத்துத்தான்
அந்த ஆணை மாற்ற முடிந்தது.
இப்போது நிற்பது புது ஆண், குட்டை,
மூட்டை இரண்டு குறையலாம்.
ஒரு மணிச் சோறு எப்படி இருக்கும் என்று
தை பிறந்தால்தான் தெரியும்.

நான்காவது இழுப்பு முடிந்தது.
பெண் வரிசையில் தலைதூக்கி நின்ற ஒரு கலப்பனை
நாகவேணி வேரோடு பிடுங்கி வரப்பில் எறிந்தாள்.
தலைத்துணியை உதறினாள்.
"இந்த விதையை எடுத்து வெச்சு
அடுத்த வருஷம் விதைச்சுக்கலாமா?"
முளைக்கும், என்றேன், ஆனால்
ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, சிலது மலடு,
இது மாதிரி வராது.
வருடா வருடம் புதிதாகச் சேர்க்க வேண்டும்.

"அப்போ வருஷா வருஷம் கயிறு இழுக்க ஆள் வேணும்."
வேணும்.
முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே
கயிற்றைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்,
"கூலியை இப்பவே பேசிக்கலாமா?"